ஹெட்ஃபோன் ஓட்டை

ஒரு வாரம் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று பஞ்சுவின் கண்ணில் முதலில் பட்டது அவளுடைய நாற்காலி. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். அந்த உயரத்தில்தான் அதை வைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது குதிகால் அந்தரத்தில் ஆடியது. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, உட்கார்ந்தால் தேய்ந்தா போகும் என்று சமாதானம் செய்துகொண்டு, ஹெட்ஃபோனை எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்க ஓட்டையில் செருகினாள். இடது காதில் மட்டும் சத்தம் வந்தது. ஹெட்ஃபோன் பின்னைக் கொஞ்சம் திருகினாள். வலது காது வந்தது, இடது போனது. இன்னும் கொஞ்சம் திருகியதில் இரண்டுமே போயின.

"நான் போகும்போது கல்லு மாதிரி இருந்துச்சு. யாரு இதுல கை வச்சது?" என்று பொதுவாகக் கேட்டாள். பொதுவாகக் கேட்டாலும் அறையில் இருந்தது இன்னும் ஒரே ஒரு ஆள்தான்.

"எனக்கெதுக்குடி உன் ஓட்டை? எனக்கு என் பேனா போதும்" என்றாள் அந்த ஆள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது தொழில். டாக்டர்கள் வாயால் சொல்லும் குறிப்புகள், கூட்டங்களின் பேச்சுகள், எல்லாவற்றுக்கும் மேலாக விசாரணைப் பதிவுகள். பஞ்சு கேட்டு அடிப்பாள். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பமாட்டாள். "காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே?" என்று முதலாளியம்மா ஒருநாள் கத்தியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவள் அடித்த பக்கங்களை அச்செடுத்துத் திருத்துகிறவள் பக்கத்து மேசைக்காரி. பக்கத்துக்கு முப்பது கமாவாவது தூவாமல் விடமாட்டாள் என்பதால் அவள் கமா அக்கா. முதலாளியம்மாவுக்குத் தனி அறை. இந்த மூன்று பேர்தான் அலுவலகம்.

வேலை நடக்க அந்த ஓட்டை, அதாவது ஜாக், வேண்டும். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்து ஓட்டையில் செருகலாம் என்றால், பெட்டி ஒரு மரக் கூட்டுக்குள், பலகைத் தடுப்போடு ஒட்டி, ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். பழுது பார்க்கிறவருக்குப் போன் போட்டாள். "முன்பக்கத்து போர்டையே மாத்தணும்மா. பார்ட்ஸ் வர ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் கையால சமாளிச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பஞ்சு சமாளித்தாள். முதலில் பின்னுக்குக் கீழே பேருந்துச் சீட்டு ஒன்றை மடித்துச் செருகினாள். அரை மணி நேரம் நின்றது. பிறகு ரப்பர் பேண்டைப் பின்னில் சுற்றி, அதன் மறுமுனையைப் பெட்டியின் பட்டனில் மாட்டி இழுத்துப் பிடிக்கப் பார்த்தாள். பட்டன் அமுங்கிக் கம்ப்யூட்டரே அணைந்தது. கடைசியில் ஒரு தடித்த அகராதியைப் பெட்டிக்கு எதிரில் நிறுத்தி, அதன் முதுகால் ஒயரை மேலே நெம்பி வைத்தாள். இது பரவாயில்லை. முழங்கால் இடிக்காதவரை இரண்டு காதிலும் சத்தம் வந்தது. இடித்தால் போய்விடும். அப்போது குனிந்து மறுபடி திருக வேண்டும். இந்த வேலைக்குக் காலில் ஒரு பெடல் உண்டு. மிதித்தால் பதிவு ஓடும், எடுத்தால் நிற்கும். திருகும்போது மிதித்த காலை எடுக்கக் கூடாது. பதிவு ஓடிக்கொண்டிருந்தால்தானே எந்த இடத்தில் பிடிக்கிறது என்று தெரியும்? சில சமயம் அரை நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம்கூட அப்படித் திருகிக்கொண்டிருப்பாள். அப்புறம் பதிவைப் பின்னால் தள்ளி, விட்ட இடத்திலிருந்து கேட்பாள்.

ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை இப்படிக் குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். 'எனக்கு என் பேனா போதும்' என்று சொன்னபோது அந்த அம்மாள் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை?

வீட்டில் இதைச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. அவள் வீட்டுக்காரருக்குப் பேருந்துகளில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. பதினெட்டு வருடமாக அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டுக் கண்ணாடியில் தெரியும் முகத்தையே நம்பாதவர் ஆகிவிட்டிருந்தார்.

"நிமிர்ந்து பார்க்கலையா? அப்போ முடிஞ்சுது" என்றார். "டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பான். நீ மூஞ்சிய விடு, கையப் பாரு. மூஞ்சி நடிக்கும், கைக்கு நடிக்கத் தெரியாது."

"அவங்க எதுக்குங்க என் ஜாக்கைக் கெடுக்கணும்?"

"கெடுக்கணும்னு வந்திருக்க மாட்டாங்க. எதையோ கேட்கணும்னு வந்திருப்பாங்க. கேட்டப்போ கெட்டிருக்கும்."

பஞ்சுவுக்கு அன்றைக்கு இது சிரிப்பாக இருந்தது. சரியாகப் பத்து நாள் கழித்துச் சிரிப்பாக இல்லை.

அப்போது வந்துகொண்டிருந்தது ஒரு பெரிய சரக்குக் கிடங்கின் விசாரணை. அங்கே வேலை செய்யும் பெண்கள், மேற்பார்வையாளர் ஒருவர்மேல் புகார் கொடுத்திருந்தார்கள். விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற ஒரு பெண் வக்கீல். ஒவ்வொரு சாட்சியையும் தனியறையில் உட்கார வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்து, உறையில் போட்டு அரக்கு வைத்து அனுப்புவார். அவருடைய குரலில் அவசரமே இருக்காது. "தண்ணி குடிச்சுட்டுச் சொல்லும்மா" என்பார். பஞ்சுவுக்கு அந்தக் குரலைப் பிடிக்கும்.

அந்த அதிகாரி முதலாளியம்மாவுக்குப் போன் செய்திருந்தார். முதலாளியம்மா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நாலாவது சாட்சி என்ன சொன்னா? யாருக்கு ஞாபகம் இருக்கு?"

பஞ்சுவுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. லிஃப்டில் அந்த ஆள் இருப்பான் என்று பயந்து, தினமும் ஐந்து மாடியும் நடந்தே ஏறுவேன் என்று சொன்ன பெண்.

"அந்தப் பொண்ணைப் பார்த்து, நேத்து கிடங்குல ரெண்டு பேர், 'என்ன, இன்னைக்கும் நடைதானா, அஞ்சாவது மாடிக்கு மூச்சு வாங்கலையா'ன்னு கேட்டுச் சிரிச்சிருக்காங்க. இது அந்தப் பொண்ணு அதிகாரிகிட்ட மட்டும் சொன்னது. அதிகாரி நமக்கு மட்டும் அனுப்பினது." முதலாளியம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த மூணு பேரைத் தாண்டி எப்படிப் போச்சு?"

 ஒரு தப்பும் செய்யாமலே பஞ்சுவின் முகம் சூடாகிக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. கமா அக்காவோ அசையாமல் நின்றாள். "நான் தாளை வெளியே கொண்டுபோறதில்ல. வேணும்னா என் பையைப் பாருங்க" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பஞ்சு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்து மேசையைப் பார்க்க ஆரம்பித்தாள். முகத்தை விட்டுவிட்டாள். கையைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, இத்தனை நாளும் கண்ணெதிரே நடந்தவை எல்லாம் வேறு மாதிரி தெரிந்தன. தினமும் பதினொரு மணிக்கு அந்தக் கை மேசை இழுப்பறையைத் திறக்கும். துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மடக்கிக்கொள்ளும். மறு கை போனை எடுக்கும். அக்கா எழுந்து மாடிப்படிக்குப் போவாள். பத்து நிமிடம் கழித்து வருவாள். சீட்டு கைப்பைக்குள் போய்விடும், குப்பைத் தொட்டிக்கு வராது.

மூன்றாம் நாள் பஞ்சு தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். படித் திருப்பத்தில் அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, வாயைக் கையால் மூடி, போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, எதிர்முனையில் இருப்பவர் எழுதிக்கொள்ள நேரம் கொடுப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் சீட்டு விரிந்திருந்தது.

"எழுதிக்க நேரம் கொடுக்கிறாங்களா?" அன்று மாலை வீட்டுக்காரர் பாதி கழற்றிய ஷூவோடு நிமிர்ந்தார். "இனிமே என்ன வேணும் உனக்கு? கையும் களவுமா நிக்கிறாங்க."

மறுநாள் காலை பஞ்சு முதலாளியம்மாவின் அறைக்குள் போனாள். "நான் யாரையும் குத்தம் சொல்ல வரல" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பிப்பவர்கள் எதற்கு வருவார்களோ அதற்குத்தான் அவளும் வந்திருந்தாள். நாற்காலி உயரம், ஜாக், பதினொரு மணி, சீட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசானதுபோலவும் இருந்தது, வாயில் துரு வைத்ததுபோலவும் இருந்தது.

அன்று மதியமே கமா அக்காவின் மேசை வாசல் பக்கம் போய்விட்டது. இனி அவள் திருத்த வேண்டியது டாக்டர் குறிப்புகளை மட்டும். முதலாளியம்மா காரணம் எதுவும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. பேனாக்கள், சிவப்பு மை, ஒரு சின்னத் தலையணை, இவற்றை இரண்டு நடையில் எடுத்துப் போனாள். இரண்டாம் நடையில் பஞ்சுவின் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். பஞ்சு சட்டென்று குனிந்து ஜாக்கைத் திருக ஆரம்பித்தாள். அப்போது அது நன்றாகத்தான் பிடித்திருந்தது.

நாலு நாள் நிம்மதியாகப் போயிற்று. ஐந்தாம் நாள் மறுபடியும் போன் வந்தது.

இந்த முறை ஏழாவது சாட்சி. அந்த ஆள் தன் கூந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்ததால், தாங்க முடியாமல் தோளோடு வெட்டிக்கொண்டேன் என்று சொன்ன பெண். மூன்றே நாளில் அது கிடங்கு முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பதிவு கமா அக்காவின் கைக்குப் போகவே இல்லை. பஞ்சு அடித்தாள், முதலாளியம்மாவே திருத்தினாள்.

"இப்ப ரெண்டு பேர்தான் மிச்சம்" என்றாள் முதலாளியம்மா. குரலை உயர்த்தவில்லை. "நான் சொல்லல. அது எனக்குத் தெரியும்."

பஞ்சுவின் முகத்தில் ஈயாடவில்லை. "அம்மா, சத்தியமா நான்..."

"பொறுமையா யோசிச்சு நாளைக்குச் சொல்லு. வீட்டுல பேசுவியா? உன் வீட்டுக்காரர் பஸ்ஸுல நூறு பேரைப் பார்க்கிறவர்."

பஞ்சுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் சாட்சிகளைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னதில்லையா? கமா அக்காவைப் பற்றிச் சொன்னபோது, என்ன பதிவு, எந்த இடம் என்று வாய் தவறி ஏதாவது வந்ததா? மாலை வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டாள்.

"நீங்க வெளியே யார்கிட்டயாவது என் ஆபீஸ் விஷயத்தைப் பேசுனீங்களா?"

அவர் கை தட்டில் அப்படியே நின்றது. "என்னையா கேட்கிறே?"

"கை நின்னுடுச்சே" என்றாள் பஞ்சு.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பாதிச் சாப்பாடு தட்டிலேயே கிடந்தது. அவளும் சாப்பிடவில்லை. தன் காதால் கேட்டதைத் தவிர வேறு ஒன்றும் செய்யாத தன்னை முதலாளி சந்தேகப்படுகிறாள். தான் புருஷனைச் சந்தேகப்படுகிறோம். இதற்கு நடுவே ஒருத்தி வாசல் பக்கம் காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்க முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மறுநாள் காலை எட்டாவது சாட்சியின் பதிவு. பதினொன்றரை மணிவாக்கில் முழங்கால் இடித்து ஜாக் விட்டுப்போனது. ஒன்றரை நிமிடம் திருகினாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் பிடிக்க நடைபாதைக்குப் போனாள். அதே மாடியில் அடுத்த கதவு ஒரு வேன் கம்பெனி. அங்கே ஓட்டும் ஒல்லி டிரைவர் குழாயடியில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். எப்போதும் தலையாட்டிவிட்டுப் போகிறவர், அன்று வாய் திறந்தார்.

"ஏம்மா, அந்த முடி வெட்டிக்கிட்ட பொண்ணு அப்புறம் வேலைக்கு வந்துச்சா இல்லையா? கதை பாதியிலேயே நிக்குது. இன்னைக்கு வேற பொண்ணு பேசுது."

பஞ்சுவின் கையிலிருந்த பாட்டில் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீங்கதானே போடுறீங்க. நாடகம்தானே அது? துண்டு துண்டா வரும். நல்லா இருக்கிற இடமாப் பார்த்து நின்னுடும். ஆனா பேசுற பொண்ணுங்க நடிக்கிற மாதிரியே இல்லம்மா, நெசமாவே அழுவுற மாதிரி இருக்கு. எங்க வண்டியில வர்றவங்களுக்குக்கூட நான் கதையைச் சொன்னேன்."

"எந்த வண்டி?"

அவர் சொன்னார். கிடங்குப் பெண்களையும் ஆண்களையும் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் ஏற்றி வரும் வண்டி.

"எங்கே கேட்குது? காட்டுங்க" என்றாள் பஞ்சு. அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

வேன் கம்பெனியின் சாப்பாட்டு அறை, பஞ்சுவின் மேசைக்கு நேர் பின்னால், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு நீள மேசை, நாலு ஸ்டூல், வெந்நீர் வைக்கும் கெட்டில், ஒரு இரும்பு அலமாரி. "இந்தப் பக்கமிருந்துதான்" என்று டிரைவர் அலமாரியின் தலையைக் காட்டினார். ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், தூசி மூடிய ஒரு ஸ்பீக்கர். அதன் ஒரு ஒயர் கெட்டில் செருகியிருந்த அதே பிளக் கட்டைக்குப் போனது. இன்னொன்று சுவரோரமாக இறங்கி, தடுப்பின் அடியில் ஒரு துளைக்குள் நுழைந்து மறைந்தது.

அவளுக்கு ஏறக்குறைய விளங்கிவிட்டது. ஆனால் ஏறக்குறைய விளங்கியதை வைத்துக்கொண்டு அவள் ஏற்கனவே ஒரு தடவை ஒருவர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். இந்த முறை சோதித்துப் பார்க்க வேண்டும். தான் இங்கே நின்று கேட்க, வேறொருவர் அங்கே பெடலை மிதித்து ஜாக்கை ஆட்ட வேண்டும். முதலாளியம்மா வெளியே போயிருந்தாள். மிச்சம் ஒரே ஒரு ஆள்.

வாசல் மேசையில் கமா அக்கா சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு உதவி."

அக்கா நிமிர்ந்தாள். "என் பையைப் பார்க்கணுமா?"

 "இல்லக்கா. என் நாற்காலியில உட்காருங்க. பெடலை மிதிச்சுக்கிட்டே ஹெட்ஃபோன் பின்னை ஆட்டுங்க. சத்தம் போனதும் அப்படியே இருங்க. விசாரணைப் பதிவு வேண்டாம், பழைய டாக்டர் பதிவு ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்."

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. போய் உட்கார்ந்தாள். பஞ்சு ஓடிப்போய் அலமாரிக்குக் கீழே நின்றாள். டிரைவர் கெட்டில் ஸ்விட்சைப் போட்டார், ஸ்பீக்கருக்கும் அந்த ஸ்விட்ச்தான். சற்று நேரம் தண்ணீர் சூடாகும் சத்தம் மட்டும். பிறகு தலைக்கு மேலே, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு டாக்டரின் குரல், மூக்கடைத்தாற்போல, "நோயாளிக்கு வயது நாற்பத்திரண்டு, வலது முழங்காலில் வீக்கம்" என்று சொல்லத் தொடங்கியது.

பஞ்சு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

முன்பக்க ஜாக்கில் பின் சரியாக உட்கார்ந்திருக்கும்வரை கம்ப்யூட்டர் அவள் காதோடு மட்டும் பேசும். பின் நழுவியதும், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, பின்பக்க ஒயர் வழியாகப் பேச ஆரம்பித்துவிடும். அவள் காதில் ஒன்றும் கேட்காமல் குனிந்து திருகிக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பெண்கள் இங்கே, டிரைவர்களின் சாப்பாட்டு மேசைக்கு மேலே, பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். காதும் காதும் வைத்தாற்போல் செய்ய வேண்டிய வேலையை அவள் ஒலிபெருக்கி வைத்துச் செய்திருக்கிறாள்.

திரும்பி வந்தபோது கமா அக்கா இன்னும் அந்த நாற்காலியிலேயே இருந்தாள். பஞ்சு எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னதையும் சொன்னாள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் அக்கா. "நீ குனிஞ்ச குனியிலேயே தெரிஞ்சுது."

"இந்த ஜாக்கை நீங்க கெடுத்தீங்கன்னு நினைச்சேன்க்கா."

"நீ கெடுத்ததுடி அது. ஹெட்ஃபோனைக் கழட்டாமலே எந்திரிச்சு அலமாரிக்குப் போவே. ஒயர் விறைச்சு நிக்கும். 'ஏய், ஒயரு'ன்னு எத்தனை தடவை கத்தியிருப்பேன். உனக்குக் கேட்டாத்தானே!"

பஞ்சுவால் தாங்க முடியவில்லை. "அப்போ அந்தச் சீட்டு? பதினொரு மணி போன்?"

 அக்கா கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். கதவு, கரண்டி, கண்ணாடி, காலண்டர், கிணறு. இப்படிப் பத்துச் சொற்கள், பெரிய எழுத்தில்.

"எங்க அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. தினமும் பத்து வார்த்தை சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. நான் சொல்லச் சொல்ல அவர் சொல்லணும். பதினோரு மணிக்குத்தான் அவர்கிட்ட போன் வைக்க ஆள் இருக்கு. கல்லூரியில பாடம் நடத்தின மனுஷன். குழந்தை மாதிரி மழலை பேசுறது யார் காதுலயும் விழக் கூடாதுன்னுதான் மாடிப்படிக்குப் போறேன்."

பஞ்சு அழுதாள். "என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"இப்பவே மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீ நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவே" என்றாள் அக்கா எழுந்துகொண்டே. "கொஞ்ச நாள் இரு."

முதலாளியம்மா வந்ததும் மூவரும் போய் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். முதலாளியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நாலு வருடம் முன்பு இரண்டு அறையும் சேர்ந்து ஒரே கூட்ட அறையாக இருந்தது. பாதியை வேன் கம்பெனிக்கு விட்டபோது நடுவில் பலகை அடித்தார்கள். ஸ்பீக்கர் அவளுடையது. ஒயரைப் பிடுங்க அவள்தான் மறந்திருக்கிறாள். டிரைவர் விஷயம் தெரிந்ததும் ஆடிப்போய்விட்டார். "நாடகம்னுதானேம்மா நினைச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, தன் கையாலேயே ஒயரை இழுத்துப் பிடுங்கிச் சுருட்டினார்.

அறைக்குத் திரும்பியதும் முதலாளியம்மா கதவைச் சாத்தினாள். "சரி. அடைச்சாச்சு. இனிமே வெளியே போகாது. அதிகாரிகிட்ட 'ஏற்பாட்டை மாத்திட்டோம், இனி பிரச்சனை வராது'ன்னு சொல்லிடுறேன். அதுக்கு மேல எதுக்கு?"

கமா அக்கா பஞ்சுவைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது தான்தான் என்று பஞ்சுவுக்குப் புரிந்தது.

"அப்படிச் சொன்னா, வாசலுக்கு அனுப்பின அக்காதான் காரணம்னு ஆயிடும்மா. நானே போய்ச் சொல்றேன்."

"வேலை போயிடும்டி. எனக்கும் சேர்த்து."

"தெரியும்" என்றாள் பஞ்சு. தெரிந்துதான் சொன்னாளா என்று கேட்டால் அவளுக்கே நிச்சயமில்லை.

மறுநாள் விசாரணை அதிகாரியின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அகராதி முதல் ஸ்பீக்கர் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஹெட்ஃபோனில் கேட்டுப் பழகிய குரல், எதிரே ஒரு மெலிந்த உடம்பிலிருந்து வந்தது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

"நாலாவது சாட்சி லிஃப்ட் விஷயத்தை எனக்கு முன்னாடி ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொல்லியிருந்தா" என்றார். "கூட வேலை பார்க்கிற தோழிகிட்ட. அவதான் காட்டிக்கொடுத்துட்டான்னு பேச்சை நிறுத்தி ரெண்டு வாரம் ஆகப்போகுது. தோழியும் ரோஷத்துல சாட்சி சொல்ல வரமாட்டேன்னுட்டா. அவதான் நேர்ல பார்த்த ஒரே சாட்சி. நீங்க இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அந்த ரெண்டு பேருக்கும் நானே படிச்சுக் காட்டுறேன்."

பஞ்சு அங்கேயே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினாள். எழுதி முடித்ததும் அதிகாரி சொன்னார்: "உங்க ஆபீஸுக்கு இனிமே பதிவு வராது. நானே வந்து இடத்தைப் பார்த்து, சரின்னு தோணினா யோசிக்கிறேன்."

அன்று மாலை வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னாள்.  "கை நின்னது எதுக்குன்னு தெரியுமா?" என்றார் அவர். "பதினெட்டு வருஷமா நான் கேட்கிற கேள்வி. என்னை யாரும் கேட்டதில்ல. கேட்டா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."  இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

ஒரு மாதம் டாக்டர் குறிப்புகளை வைத்து அலுவலகம் ஓடியது. பழுது பார்க்கிறவர் வந்து புது போர்டு போட்டுவிட்டுப் போனார். அதிகாரி வந்து மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார், தடுப்பைத் தட்டிப் பார்த்தார், பக்கத்து அறையில் போய் நின்று கேட்டார். நாற்காலியை உயர்த்தி வைத்தது யார் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. பஞ்சுவும் விசாரிக்கவில்லை. கமா அக்கா வாசல் மேசையிலேயே இருந்தாள். "காத்து நல்லா வருது" என்றாள்.

அதற்கடுத்த வாரம் அரக்கு வைத்த உறை ஒன்று வந்தது. முதலாளியம்மா பிரிக்காமல் பஞ்சுவின் மேசையில் வைத்தாள். புது சாட்சி, நாலாவது சாட்சியின் தோழி. பதிவு கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிட்டிருந்தது. கதவு திறக்கும் சத்தம். நாற்காலிகள் இழுபடும் சத்தம். துணைக்கு வந்தவள் வெளியே இருக்கணும் என்று அதிகாரி சொல்ல, இரண்டு பெண்கள் எதற்கோ ஒருவரை ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அதில் ஒரு குரல் பஞ்சுவுக்குத் தெரிந்த குரல், ஐந்து மாடி ஏறிய பெண்ணுடையது. அந்தக் குரல் அழுதுதான் அவள் கேட்டிருந்தாள். "நான் இங்கேயேதான் நிப்பேன், கதவுக்கு வெளியே" என்று அந்தக் குரல் சொல்ல, கதவு மூடிக்கொண்டது. பிறகுதான் சாட்சியம் ஆரம்பித்தது.

விசாரணைக்கு முந்திய பேச்சை அடிக்கத் தேவையில்லை என்பது விதி. ஆனாலும் பஞ்சு முதல் வரியில், அடைப்புக்குறிக்குள், 'இருவர் சிரிப்பு' என்று அடித்தாள்.

தாள்கள் வாசல் மேசைக்குப் போயின. சாயங்காலம் திரும்பி வந்தபோது பக்கமெங்கும் சிவப்புக் கமாக்கள். முதல் வரியில் மட்டும் அக்கா கை வைத்திருக்கவில்லை.

"இந்த வரியை வெட்டலையா அக்கா?" என்று பஞ்சு கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றாள் அக்கா. பிறகு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "நாளைக்கு என் மேசையைத் தூக்க ஒரு கை பிடி. மழை வரப் போகுது, வாசல்ல சாரல் அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.